பழைய காரின் பின்சீட்டுக்கு அடியில்

(நமது குடியிருப்போர் நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் நகரில் ஓடாமல் நிற்கும் பழைய வண்டிகளை அப்புறப்படுத்த வேண்டும் என்று சென்ற கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். தீர்மானம் சரிதான். தெருவில் இடமும் இல்லை, கொசுவுக்கும் அது வீடாகிவிட்டது. நான் ஒரு நடை நடந்து எண்ணிப் பார்த்தேன். மூன்று அம்பாசடர், இரண்டு பிரீமியர் பத்மினி, ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு, ஒரு மாருதி 800. ஆக ஏழு. இவற்றை எடைக்குப் போடும் முன் நீங்கள் ஒரு வேலை செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்ளத்தான் இங்கே நிற்கிறேன். கதவைத் திறந்து உள்ளே பாருங்கள். பின்சீட்டைத் தூக்கிப் பாருங்கள்.

ஏன் பழைய கார் என்றால் இவ்வளவு அக்கறை என்று கேட்பீர்கள். கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் 1950களின் கடைசியில் செய்யத் தொடங்கிய அம்பாசடர், 2014 மே மாதம்தான் நின்றது. ஹெரால்டு நம் சென்னையிலேயே 1961 முதல் செய்த வண்டி. அந்தக் காலத்தில் ஒரு குடும்பம் கார் வாங்கினால் இருபது, முப்பது வருஷம் வைத்திருக்கும். கல்யாணம், கருமாதி, அறுவடைக் கணக்கு, ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் அதே வண்டிதான். இத்தனை வருஷம் ஓடிய வண்டியின் இண்டு இடுக்கில் என்னதான் விழுந்திருக்காது?

முதலில் உயிருள்ளவை. தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் வயல் எலிக்குத் தீனி குறைந்துவிடும். அது வீட்டையும் கொட்டகையையும் தேடி வரும். வயலில் இருக்கும்வரை தஞ்சாவூர் கிட்டி வைத்துப் பிடிப்பார்கள். கார் கொட்டகைக்குள் வந்துவிட்டால் யார் கிட்டி வைப்பது? சீட்டுக்குள் இருக்கும் தேங்காய் நாரும் பஞ்சும் அதற்கு மெத்தை. ஏர் ஃபில்டர் டப்பாவுக்குள் ஒரு படி நெல் இருந்ததைப் பட்டறையில் நானே பார்த்திருக்கிறேன். மெக்கானிக் சிரித்துக்கொண்டே, "சார், வண்டி குத்தகை நெல் அளந்திருக்கு" என்றார்.

சிரிக்கலாம். ஆனால் எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் நம் பகுதிக்குப் புதிதல்ல. வெறுங்கையைச் சீட்டுக்கு அடியில் விடாதீர்கள். முதலில் நான்கு கதவையும், பானெட்டையும், டிக்கியையும் பகல் வெளிச்சத்தில் திறந்து வையுங்கள். நீளக் கம்பால் தட்டிப் பாருங்கள். பாம்பு தெரிந்தால் வீரம் காட்டாமல் தீயணைப்புத் துறைக்கு 101இல் சொல்லுங்கள். எலிப் புழுக்கையைக் காய்ந்த நிலையில் பெருக்கக் கூடாது, தூசு மூக்குக்குள் போகும். பிளீச்சிங் கரைசல் தெளித்து ஊறவிட்டு, கையுறையும் முகக்கவசமும் போட்டுத் துடையுங்கள். எலிக் காய்ச்சல் எலியின் சிறுநீரால் வருவது. கையில் காயம் இருப்பவர்கள் இந்த வேலைக்கே போக வேண்டாம்.

அடுத்தது பணம். இது என் துறை, கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

எல்லாப் பழைய காரிலும் சில்லறை கிடைக்கும். 25 காசும் அதற்குக் கீழுள்ளவையும் 2011 ஜூன் 30க்குப் பிறகு செல்லாது. 50 காசு இன்றும் செல்லும், கடைக்காரர் முகம் சுளித்தாலும்கூட.

நோட்டு கிடைத்தால் எந்த நோட்டு என்று பாருங்கள். 1954இல் வெளிவந்த ஆயிரம் ரூபாய் நோட்டில் நம் பெரிய கோயில் படம் இருந்தது. உங்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். 1978 ஜனவரி 16இல் ஆயிரம், ஐயாயிரம், பத்தாயிரம் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது அதுவும் போய்விட்டது. பணமாக அதற்கு மதிப்பில்லை, சேகரிப்பவர்களிடம் மதிப்பு உண்டு.

2016 நவம்பர் 8இல் செல்லாமல் போன பழைய 500, 1000 கிடைத்தால் எச்சரிக்கை தேவை. 2017இல் வந்த சட்டப்படி மொத்தம் பத்து நோட்டுக்கு மேல் வைத்திருப்பது குற்றம். அபராதம் பத்தாயிரம் ரூபாய் அல்லது முகமதிப்பைப் போல ஐந்து மடங்கு, இதில் எது அதிகமோ அது. "தாத்தா வைத்த கட்டு" என்று படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். 2000 ரூபாய் நோட்டு வேறு கதை. அதைப் புழக்கத்திலிருந்து எடுத்தார்களே தவிர செல்லாது என்று சொல்லவில்லை. சென்னை உள்ளிட்ட ரிசர்வ் வங்கி அலுவலகங்களில் கொடுக்கலாம், தபாலிலும் அனுப்பலாம்.

எலி கடித்த நோட்டா? 50 ரூபாயும் அதற்கு மேலும் என்றால், ஒரே துண்டாக 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழுப் பணம். 40 முதல் 80 சதவீதம் வரை இருந்தால் பாதி. 40க்குக் கீழே ஒன்றுமில்லை. 20 ரூபாய் வரையுள்ள நோட்டுக்குப் பாதிக்கு மேல் இருந்தாலே முழுப் பணம். பசை போட்டு ஒட்டிக்கொண்டு வராதீர்கள். இருக்கிறபடியே கவரில் போட்டு வங்கிக்கு எடுத்துப் போங்கள்.

மூன்றாவது காகிதம். பணத்தைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். காரணம் சொல்கிறேன்.

திருவையாறு பக்கம் ஒரு மிராசுதார் வீட்டில் ஓர் அம்பாசடர் பல வருஷம் கொட்டகையில் நின்றது. பெரியவர் காலமானபின், பெங்களூரில் இருக்கும் பேரன் அதைப் பட்டறைக்காரருக்கு விற்றுவிட்டார். பின்சீட்டைக் கழற்றியபோது பிளாஸ்டிக் உறையில் சுற்றி, சைக்கிள் டியூபால் கட்டிய ஒரு பொட்டலம் கிடைத்தது. உள்ளே ஒரு ரேஷன் கார்டு, ஒரு டிரைவிங் லைசென்ஸ், ஒரு நிரந்தர வைப்பு ரசீது. 1996ஆம் வருஷம், ஐயாயிரம் ரூபாய், மைனர் பெண் பேரில், காப்பாளர் தகப்பனார். பட்டறைக்காரர் என்னைத் தேடி வந்து, "பேங்க் சார், இது யாருடையது பாருங்க, எனக்கு இது வேணாம்" என்றார்.

அந்தத் தகப்பனார் அந்த வீட்டில் கார் ஓட்டியவர். இறந்து வெகு காலம் ஆகிறது. கூரை வீடு, ஐப்பசி மழையில் ஒழுகும். ஈரம் படாத இடம் என்று அவருக்குத் தெரிந்தது தான் ஓட்டிய வண்டிதான். மகளைக் கண்டுபிடித்தோம். கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை, இரண்டு பிள்ளைகள்.

ரசீதைக் கையில் கொடுத்ததும் அந்த அம்மாள் பேசவில்லை. பிறகு சொன்னார். நெல் மூட்டை விற்ற பணமும் போனஸும் சேர்த்து அப்பா ஐயாயிரம் வைத்திருந்தார், அது என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. குடித்துத் தீர்த்துவிட்டார் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். அம்மாவும் கடைசிவரை அப்படியே நம்பிவிட்டுப் போனார். "இந்தச் சீட்டை அம்மா பார்த்திருக்கலாம் சார்" என்றார்.

பணம் கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது. பத்து வருஷம் யாரும் கேட்காத டெபாசிட்டை வங்கிகள் ரிசர்வ் வங்கியின் டெபாசிட்தாரர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்கு மாற்றிவிடும். 2014 முதல் இந்த ஏற்பாடு. மாற்றினாலும் உரிமை போகாது. உரியவரோ வாரிசோ எப்போது வேண்டுமானாலும் வங்கி மூலம் கேட்டு வாங்கலாம். ரசீதில் பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி. இரண்டும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் வேண்டியிருந்தது. அலைச்சல் இருந்தது, முடிந்தது. வந்த தொகை பெரிதல்ல. வங்கிக்குக் கொடுக்கும் முன் ரசீதைக் கலரில் ஜெராக்ஸ் எடுத்து, சட்டம் போட்டு அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்.

உங்கள் வண்டியில் இப்படி ஏதாவது கிடைத்து, "அந்த பேங்க்கே இப்போது இல்லையே" என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நம் பேங்க் ஆஃப் தஞ்சாவூர் 1990இல் இந்தியன் வங்கியோடு இணைந்தது. லட்சுமி விலாஸ் வங்கி 2020இல் டி.பி.எஸ். வங்கியோடு இணைந்தது. பெயர் போனாலும் பொறுப்பு புதிய வங்கிக்கு வரும். ரசீதே இல்லாவிட்டாலும், 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தொடங்கிய உத்கம் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம். தெரியாதவர்கள் பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள்.

நான்காவது, யாருக்குச் சொந்தம்? வண்டியை விலை கொடுத்து வாங்கினேன், உள்ளே இருப்பதும் எனக்குத்தானே என்று சிலர் நினைக்கிறார்கள். பி.காம். படித்தபோது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த வணிகச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1841இல் இங்கிலாந்தில் மெர்ரி எதிர் கிரீன் என்று ஒரு வழக்கு. ஏலத்தில் எடுத்த எழுத்து மேசையின் ரகசிய அறைக்குள் பணப்பை இருந்தது. மேசையை விற்றதால் மட்டுமே அதில் ஒளிந்திருந்த பணத்தையும் விற்றதாக ஆகாது என்றது நீதிமன்றம். நம் 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 71ஆம் பிரிவு, பிறர் பொருளைக் கண்டெடுத்துத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டவர் அதைப் பத்திரமாகக் காக்கக் கடமைப்பட்டவர் என்கிறது. உரியவர் யார் என்று தெரிந்தும், அல்லது தேடிப் பார்க்காமலும் எடுத்துக்கொண்டால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 314ஆம் பிரிவு இருக்கிறது. அந்தப் பட்டறைக்காரர் சட்டம் படித்தவரல்ல. ஆனால் சட்டம் சொல்வதைத்தான் செய்தார்.

அமெரிக்காவில் டல்சா என்ற ஊரில் 1957 ஜூன் 15 அன்று ஒரு புத்தம் புதிய பிளிமத் காரைக் கான்கிரீட் தொட்டிக்குள் வைத்துப் புதைத்தார்கள். ஐம்பது வருஷம் கழித்துப் பேரப்பிள்ளைகள் பார்க்கட்டும் என்று. அப்போது பெட்ரோல் இருக்காதோ என்று பெட்ரோலும் வைத்தார்கள். கிளவ் பாக்ஸில் ஒரு பெண்மணியின் கைப்பையில் இருக்கும் சாமான்களும் வைத்தார்கள். 2007 ஜூன் 15இல் திறந்தபோது, உள்ளே தண்ணீர் இறங்கி வண்டி துருப்பிடித்த கூடாக நின்றது. அத்தனை ஏற்பாடு செய்தும் அது நிலைக்கவில்லை. நம் டிரைவர் சைக்கிள் டியூபால் கட்டியது நிலைத்தது.

இப்போது உங்களுக்கு என் வேண்டுகோள்கள்.

ஒன்று, வண்டியை அனுப்பும் முன் டாஷ்போர்டு, கிளவ் பாக்ஸ், சன் வைசர், பின்சீட்டு அடி, கால்மிதி அடி, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் இடம், இந்த ஆறையும் பாருங்கள். இன்னொருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். கிடைத்ததை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அண்ணன் தம்பி தகராறு பாதி அதிலேயே தீரும்.

இரண்டு, ஆர்.சி. இன்னும் காலமானவர் பேரில் இருந்தால், வாரிசு பேருக்கு மாற்ற 31ஆம் எண் படிவம். அதை முடிக்காமல் வண்டியைக் கை மாற்றாதீர்கள்.

மூன்று, அழிப்பதென்றால் அரசிடம் பதிவு பெற்ற வாகன அழிப்பு மையத்தில் கொடுங்கள். 'டெபாசிட் சான்றிதழ்' என்று ஒன்று தருவார்கள். பெயரைப் பார்த்து அதற்கு வட்டி கேட்டு என்னிடம் வந்துவிடாதீர்கள்.

நான்கு, ஐம்பது வயது கடந்த வண்டி என்றால் அவசரப்பட வேண்டாம். 2021ஆம் வருஷ விதிப்படி அதைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்ய வழி உண்டு. நம் ஹெரால்டுக்கு அந்தத் தகுதி இருக்கும் என்று நினைக்கிறேன். உரிமையாளர் யோசிக்கட்டும்.

ஐந்து, காகிதம் எது கிடைத்தாலும், கிழிந்ததானாலும், வேலைக்காரர் பேரில் இருந்தாலும், எரிக்கும் முன் என்னிடம் காட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை சங்க அலுவலகத்தில் இருப்பேன். கட்டணம் கிடையாது. காபி கொடுத்தால் மறுக்க மாட்டேன்.