புகையும் ஈரமும் சேர்ந்தால்



போன வாரம் நம் வகுப்புக்கு வரும் ஓர் அக்கா விடியற்காலையில் வீட்டு வேலைக்குப் போனார். சாலை ஓரத்தில் நின்றார். இரண்டு பக்கமும் பார்த்தார். வண்டி எதுவும் இல்லை. காலை எடுத்து வைத்தார். ஓர் ஆட்டோ உரசிக்கொண்டு போனது. நல்ல வேளை, பை மட்டும் கிழிந்தது. "பார்த்துத்தான் தம்பி கடந்தேன். வண்டியே தெரியவில்லை" என்று இங்கே வந்து அழுதார்.

அவர் கண்ணில் குறை இல்லை. இந்தத் தில்லிக் காற்றில்தான் குறை. அது என்ன என்று இன்று பார்ப்போம்.

கூரை ஓட்டை வழியே வெயில் விழும். அதில் தூசி மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்குத் தெரியாத துகள்களும் காற்றில் உண்டு. நம் தலைமுடி ஒன்றின் அகலத்தில் அவற்றை வரிசையாக வைத்தால் 20-க்கு மேல் வைக்கலாம். அவ்வளவு சிறியவை. வண்டிப் புகை, ஆலைப் புகை, அடுப்புப் புகை, வயலில் வைக்கோலை எரிக்கும் புகை எல்லாவற்றிலும் அவை உண்டு.

இனி ஈரத்துக்கு வருவோம். மழைக்காலத்தில் உப்பு ஜாடியைத் திறந்தால் உப்பு கசிந்திருக்கும். அதில் யார் தண்ணீர் ஊற்றினார்கள்? யாரும் ஊற்றவில்லை. காற்றில் உள்ள ஈரத்தை உப்பே இழுத்துக்கொண்டது. புகைத் துகள்களில் பலவும் அப்படித்தான். ஈரத்தை இழுத்து ஊதிப் பெரிதாகும். அவற்றின் மேல் படும் வெளிச்சம் நாலா பக்கமும் சிதறும். எதிரே வரும் வண்டி தெரியாது. வெள்ளைத் திரைதான் தெரியும்.

குளிர்காலத்தில் இது ஏன் அதிகம்? இரவில் தரை குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்கிறது. அதற்கு மேலே உள்ள காற்று வெதுவெதுப்பாக இருக்கும். அது பானை மூடி போல அமர்ந்துவிடுகிறது. புகை மேலே போக வழியில்லை. குளிர்ந்த காற்றில் ஈரப்பதமும் ஏறுகிறது. அதனால்தான் விடியற்காலையில் திரை கனமாக இருக்கிறது. 2017 நவம்பர் 8 அன்று காலை யமுனா விரைவுச் சாலையில் வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக மோதிக்கொண்டன. முன்னால் நின்ற வண்டி பின்னால் வந்தவருக்குத் தெரியவில்லை.

சென்னை ஐ.ஐ.டி. விஞ்ஞானிகள் மற்ற விஞ்ஞானிகளோடு சேர்ந்து தில்லிக் காற்றை அளந்து பார்த்தார்கள். 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். துகள்கள் ஈரத்தை இழுத்துப் பார்வையை மறைப்பதில் ஏறக்குறையப் பாதிக்குக் காரணம் குளோரைடு என்றார்கள். நம் சமையல் உப்பிலும் குளோரைடு இருக்கிறது. காற்றுக்கு அது எங்கிருந்து வருகிறது? சில ஆலைகளிலிருந்து வருகிறது. பிளாஸ்டிக் கலந்த குப்பையை எரிப்பதாலும் வருகிறது.

நம் ஊர்ப் பக்கமும் இது உண்டு. 2018-ல் போகி அன்று காலை சென்னையில் பழைய பொருள்களை எரித்த புகையும் பனியும் கலந்தன. விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திரும்பின.

ஆலைப் புகையையும் வண்டிப் புகையையும் அரசு தடுக்க வேண்டும். அதை நாம் கேட்க வேண்டும். நம் கையில் இருப்பதை நாம் செய்ய வேண்டும். குளிருக்கு நெருப்பு மூட்டுகிறோம். விறகிலும் புகை உண்டுதான். ஆனால் பாலிதீன் பை, டயர், பழைய செருப்பு போட்டால் கேடு பல மடங்கு. அந்தப் புகை நம் பிள்ளைகளின் நெஞ்சுக்குள்ளும் போகிறது. பிளாஸ்டிக்கைச் சேர்த்து வைத்துப் பழைய சாமான் வாங்குபவரிடம் போடுங்கள். காசும் கிடைக்கும்.

பனி நாளில் வெளிர் நிற உடை போட்டுக்கொண்டு போங்கள். சைக்கிளின் பின்னால் ரேடியம் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். சாலையைக் கடக்கும் முன் காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டும் அண்ணன்மார்களே, விளக்கை டிம்மில் வையுங்கள். பிரகாசமாகப் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணையே கூசச் செய்யும்.

கரும்பலகையில் மூன்று சொற்கள் எழுதியிருக்கிறேன்: புகை, ஈரம், திரை. நாளை வரும்போது இவற்றை வைத்து ஆளுக்கு ஒரு வாக்கியம் எழுதி வாருங்கள். அக்கா, முதல் வாக்கியம் உங்களுடையது.