கூட்டத்தில் ஒரு முகம்



பழைய சென்னை மவுண்ட் ரோட்டின் கறுப்பு வெள்ளைப் படங்களை நாட்காட்டியிலும் கைப்பேசியிலும் நாம் பார்த்திருப்போம். டிராம் வண்டி, சைக்கிள்கள், நடந்துபோகும் கூட்டம், நடுவே ஆளை ஏற்றிக்கொண்டு ஓடும் கைரிக்ஷாக்காரர்.

படத்தில் தேதி இல்லாவிட்டாலும் காலத்தை ஓரளவு கணித்துவிடலாம். டிராம் ஓடினால், அது 1953க்குப் பிந்திய படமல்ல. அந்த ஆண்டோடு சென்னையில் டிராம் நின்றுபோனது. 14 மாடி எல்.ஐ.சி. கட்டடம் முழுதாய் எழும்பி நின்றால், 1959ஐ ஒட்டியோ அதற்குப் பின்னரோ எடுத்தது. கைரிக்ஷா இருந்தால், பெரும்பாலும் 1973க்கு முந்தியது; அந்த ஆண்டில்தான் தமிழக அரசு அதை ஒழித்தது.

இவ்வளவும் தெரிந்துகொள்கிறோம். ஆனால் அந்த ரிக்ஷாக்காரர் யார்? எந்த ஊர்? யாருடைய பசிக்காக ஓடினார்? கடைக்குப் பெயர்ப்பலகை உண்டு; அவருக்கு இல்லை.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து மக்களாகிய நமக்கு இது அந்நியமான கேள்வி அல்ல. மழை பொய்த்து, கண்மாய் வறண்ட காலங்களில் பிழைப்புத் தேடி ஊரைவிட்டுப் போனவர்கள் நம் குடும்பங்களிலும் உண்டு. அவர்களும் ஏதோ ஒரு நகரத் தெருவில் பெயரில்லாத முகமாய் நடந்தவர்களே.

மாற்கு நற்செய்தி 5ஆம் அதிகாரத்தில், சாகும் நிலையிலிருந்த சிறுமியைக் காண இயேசு விரைகிறார். கூட்டம் நெருக்குகிறது. 12 ஆண்டுகளாக நோயுற்ற ஒரு பெண் பின்னாலிருந்து அவர் உடையைத் தொடுகிறார். தொட்டது யார் என்று கேட்டு இயேசு நிற்கிறார். சீடர்களுக்கோ வியப்பு. அவர்கள் கண்ணுக்கு அது கூட்டம். ஆண்டவர் கண்ணுக்கு ஒரு மனுஷி. அவர் பெயரை நற்செய்தி சொல்லவில்லை. ஆனால் இயேசு அவரை ‘மகளே’ என்று அழைத்தார். பெயர் தெரியாதவருக்கு உறவைக் கொடுத்தார்.

இன்று நம் ஊர்ப் பக்கமும் கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் வடமாநில இளைஞர்கள் வருகிறார்கள். ‘இந்திக்காரப் பையன்’ என்று ஒரே சொல்லில் கடந்துபோவது எளிது. அவனுக்கும் ஒரு பெயர் உண்டு. அவன் போனுக்காகக் காத்திருக்கும் தாயும் உண்டு. இந்த வாரம் ஒருவரிடமாவது நின்று, பெயரையும் ஊரையும் கேட்போம். ‘சாப்பிட்டாயா தம்பி?’ என்று விசாரிப்போம். அவசரத்திலும் நின்று பார்த்த ஆண்டவர், அந்தப் பார்வையை நமக்கும் தருவாராக. ஆமென்.