பெயர் களவுபோனால்: காப்பும் ஈடும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பணம் களவுபோனால் என்ன செய்யவேண்டும் என்பதை நாம் எல்லோரும் அறிவோம். பெயரும் பிறந்த திகதியும் அடையாள இலக்கமும் களவுபோனால் என்ன செய்வது? இவ்வினாவையே இன்று உங்கள் முன் எடுத்துக்கொண்டோம். போன பணத்தை உழைத்து மீட்கலாம்; பிறந்த திகதியை எவராலும் மாற்ற இயலாது. ஆதலின் இக்களவின் தன்மை வேறு. அதற்குரிய பரிகாரமும் வேறு. இதனை விளக்குதற்கு, அமெரிக்க ஐக்கிய நாட்டில் 2017 ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு சம்பவத்தை எடுத்து ஆராய்வோம்.

அந்நாட்டு மக்களின் கடன் வரலாற்றைத் திரட்டி வைத்து, வங்கிகளுக்கும் வியாபாரிகளுக்கும் விலைக்குக் கொடுக்கும் பெரிய நிறுவனங்கள் மூன்று உண்டு. ஈக்குவிபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்பன அவை. ஒருவர் வீட்டுக்கடன் கேட்டால் வங்கியார் முதலிற் பார்ப்பது இந்நிறுவனங்களின் அறிக்கையையே. மக்கள் தாமாகச் சென்று தங்கள் விபரங்களை அங்கே ஒப்படைப்பதில்லை. கடன் கொடுத்தவர்களே அனுப்பிவைக்கின்றனர். அதாவது, வாசற்படி ஏறியறியாத ஒரு கந்தோரில் ஒருவருடைய வாழ்க்கைக் கணக்கு முழுவதும் அடங்கிக் கிடக்கின்றது.

2017 மார்ச் மாதத்தில், ஈக்குவிபாக்ஸ் பயன்படுத்திய அப்பாச்சி ஸ்றட்ஸ் என்னும் மென்பொருளில் ஓர் ஓட்டை இருப்பதாகப் பகிரங்க எச்சரிக்கை வெளிவந்தது. ஓட்டையை அடைக்கும் திருத்தமும் அப்பொழுதே இலவசமாகக் கிடைத்தது. நிறுவனத்துள்ளும் கட்டளை பிறந்தது. ஆனால் ஓரிடத்தில் அது நிறைவேறாது போயிற்று. மே மாத நடுப்பகுதியில் அவ்வழியே திருடர் நுழைந்தனர். உள்ளே நடப்பதைக் காட்டவேண்டிய கருவியோ, அதற்குரிய அத்தாட்சி பல மாதங்களுக்கு முன்பே காலாவதியாகிவிட்டமையாற் குருடாய் இருந்தது. அத்தாட்சியைப் புதுப்பித்த பின்னரே, யூலை 29 ஆந் திகதி களவு கண்ணிற் பட்டது. பொதுமக்களுக்கு அறிவித்ததோ செப்டெம்பர் 7 ஆந் திகதி. இடையில் நாற்பது நாள். ஏறக்குறைய 14 கோடி 70 இலட்சம் பேருடைய பெயர், முகவரி, பிறந்த திகதி, சமூகப் பாதுகாப்பு இலக்கம் ஆகியன வெளியே போயின. அம்மாதம் முடிவதற்குள் நிறுவனத் தலைவர் பதவி விலகினார்.

நிற்க. விபரம் போனவர்கள் என்ன செய்தனர், என்ன செய்திருக்க வேண்டும் என்பதே நமக்கு முக்கியம்.

முதலாவது, காப்பு. களவாடிய விபரத்தைக்கொண்டு திருடன் செய்யக்கூடிய பெருந்தீங்கு, பிறர் பெயரிற் கடன் வாங்குதல். கடன் கொடுப்பவன் முதலிற் பார்ப்பது மேற்சொன்ன அறிக்கையை என்றோம். அவ்வறிக்கையை எவரும் பாராதபடி பூட்டிவைத்தால், திருடன் கேட்கும் கடன் பெரும்பாலும் கிடையாது. இப்பூட்டு அந்நாட்டில் உண்டு. தனக்கே கடன் தேவைப்படும்போது உரியவர் திறந்துகொள்ளலாம். மூன்று நிறுவனங்களிலும் தனித்தனியே பூட்டவேண்டும். ஒன்றிற் பூட்டி மற்றிரண்டைத் திறந்து விடுவது, முன் கதவைச் சாத்திப் பின் கதவைத் திறந்து வைப்பதை ஒக்கும். முன்னர்ப் பல மாநிலங்களில் இதற்குக் கட்டணம் அறவிட்டனர். இக்களவின் பின் எழுந்த கண்டனத்தின் பயனாக, 2018 செப்டெம்பர் 21 முதல் அந்நாடு முழுவதும் சட்டப்படி அது இலவசமாயிற்று. பழைய கணக்குகளிற் கைவைப்பதை இப்பூட்டுத் தடுக்காது. ஆதலின் வங்கிக் கணக்குக் கூற்றையும் மாதந்தோறும் வரி வரியாகப் பார்க்கவேண்டும்.

இரண்டாவது, களவின் பின் வரும் களவு. ஒரு நிறுவனத்தில் விபரம் போயிற்று என்ற செய்தி பரவியவுடன், "நாங்கள் உதவ வந்தோம்" என்று சொல்லிக்கொண்டு வேறு வஞ்சகர் புறப்படுவர். ஈக்குவிபாக்ஸ் விடயத்தில் நடந்ததைக் கேளுங்கள். மக்கள் விசாரிப்பதற்கென அந்நிறுவனம் ஒரு புதிய இணையத்தளத்தைத் திறந்தது. அதனைப் போலவே பெயருள்ள வேறொரு தளத்தை, இவ்வேற்பாட்டின் பலவீனத்தைக் காட்டுதற்காக ஒருவர் அமைத்தார். நிறுவனத்தின் ஊழியரே ஏமாந்து, அக்காலத்தில் டுவிட்டர் என வழங்கிய தளத்தின் வாயிலாகப் பலமுறை மக்களை அப்போலித் தளத்துக்கு அனுப்பினர். அமைத்தவர் தீய எண்ணம் இல்லாதவராய் இருந்தது நல்வினைப் பயனே. நிறுவனத்தாரே மயங்கும் இடத்தில், தனித்திருக்கும் ஒரு முதியவர் மயங்குவது வியப்பாகுமா? வந்த செய்தியில் உள்ள இணைப்பை அழுத்தாமல், வந்த அழைப்புக்கு இலக்கம் சொல்லாமல், நாமே முன்பு அறிந்த இலக்கத்துக்கு அழைத்துக் கேட்பதே பாதுகாப்பு.

இன்னொன்று. அந்நிறுவனம் இலவசக் கண்காணிப்புத் தருவதாக அறிவித்தபோது, அதன் நிபந்தனைகளில், கூட்டாக வழக்குத் தொடரும் உரிமையைக் கைவிடும் வாசகம் இருந்தது. எதிர்ப்பு எழுந்த பின்னரே அதனை நீக்கினர். அவசரத்தில் நீட்டப்படும் உதவிப் பத்திரத்தையும் வாசித்தே ஒப்பமிடவேண்டும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா?

மூன்றாவது, ஈடு. 2019 யூலை மாதத்தில் அரசாங்க ஆணைக்குழுக்களோடும் மாநிலங்களோடும் ஓர் இணக்கம் ஏற்பட்டது. நிறுவனம் குறைந்தது 57 கோடி 50 இலட்சம் டொலர் செலுத்த உடன்பட்டது. அதிலிருந்து பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவும் நிதிக்கு ஒதுக்கியது 30 கோடி; தேவை ஏற்படின் 42 கோடி 50 இலட்சம் வரை உயரலாம். விரும்பியோர் இலவசக் கண்காணிப்பைப் பெறலாம். ஏற்கெனவே கண்காணிப்பு உள்ளவர்கள் அதற்குப் பதிலாக 125 டொலர் வரை பணமாகக் கேட்கலாம் என்றனர். செய்தி காட்டுத்தீயாய்ப் பரவியது, இலட்சக்கணக்கானோர் விண்ணப்பித்தனர். ஆனால் அப்பண உதவிக்கென ஒதுக்கியது 3 கோடி 10 இலட்சம் டொலர் மாத்திரமே. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆளுக்கு 125 டொலர் முழுமையாகக் கொடுப்பதானால், 2 இலட்சத்து 48 ஆயிரம் பேருக்கு மேல் போதாது. பணத்தை விடுத்துக் கண்காணிப்பையே தெரிவு செய்யுமாறு அரசாங்கமே மக்களுக்குச் சொல்ல நேர்ந்தது. 2022 டிசெம்பரிற் பணம் வழங்கத் தொடங்கியபோது, இவ்வகையிற் கேட்டவர்கள் பெற்றது 125 டொலருக்கு மிகக் குறைந்த தொகையே.

ஆனால் அதே இணக்கத்தில் வேறொரு வாயிலும் இருந்தது. உண்மையாக நட்டம் அடைந்தவர்கள், செலவையும் இழந்த நேரத்தையும் காட்டி, ஒருவர் 20,000 டொலர் வரை கேட்கலாம். இழந்த நேரத்துக்கு மணிக்கு 25 டொலர் வீதம் 20 மணி வரை கணக்கிட்டனர். பத்து மணிக்கு மேற்பட்டால் ஆதாரப் பத்திரம் வேண்டும். ஆதாரம் எங்கிருந்து வரும்? முதல் நாளிலிருந்து சேர்த்து வைத்தவனிடம் மாத்திரமே இருக்கும். எந்தத் திகதியில் யாரோடு பேசினோம், என்ன பதில் வந்தது, எவ்வளவு செலவாயிற்று என ஒரு கொப்பியிற் குறித்து, பற்றுச்சீட்டையும் பொலிசு முறைப்பாட்டுப் பிரதியையும் ஒன்றாய்க் கட்டி வைத்தவன், ஐந்தாண்டு கழித்தும் நிமிர்ந்து நிற்பான். "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்று நம் பாட்டிமார் சொன்னது இதற்கும் பொருந்தும்.

ஆகவே நாம் கண்ட முடிவு இது. ஈடு பிந்தி வரும், குறைந்து வரும். சிலருக்கு வாராமலும் போகும். காப்பு நம் கையில் உள்ளது, அன்றைக்கே செய்யத்தக்கது. ஈட்டைக் கேட்கவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கேட்பது உரிமை, கேளாதிருந்தால் கவலையீனமான நிறுவனத்துக்கு அதுவே இலாபமாகும். கேட்பவன் கையில் எழுத்து இருக்கவேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.

இது கடல் கடந்த கதை என எண்ணி இருந்துவிடலாகாது. 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த கடன் தகவற் பணியகம் நம் நாட்டிலும் உண்டு. வங்கியிற் கடன் பெற்ற நம்மவர் விபரங்கள் அங்கே சேருகின்றன. தமது அறிக்கையைத் தாமே கேட்டுப் பெறவும் வழி உண்டு. எத்தனை பேர் கேட்டுப் பார்த்திருக்கின்றோம்? தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென 2022 ஆம் ஆண்டில் 9 ஆம் இலக்கச் சட்டமும் நிறைவேறியது. சட்டப் புத்தகத்தில் உள்ள உரிமை, அதை அறிந்தவனுக்கே பயன்படும்.

இறுதியாக இளைஞர்களுக்கு ஒரு விண்ணப்பம். மாதத்தில் ஒருநாள் மாலை நம் சங்க வாசிகசாலையில் இருவர் அமர்ந்து, முதியோர் கொண்டுவரும் வங்கிக் கடிதங்களையும் கைத்தொலைபேசிச் செய்திகளையும் வாசித்து விளக்குவோமாக. அவர்களுடைய இரகசிய இலக்கத்தை நாமும் கேட்கலாகாது. அதை எவருக்கும் சொல்லவேண்டாம் என்பதே முதற் பாடமாகட்டும். பெரியோர்களே, ஏமாந்தோம் என்று தெரிந்தால் வெட்கத்தால் மறைக்காதீர்கள். மறைக்கும் ஒவ்வொரு நாளும் திருடனுக்குக் கிடைக்கும் தவணை. அன்றைக்கே பிள்ளைகளிடம் சொல்லுங்கள், வங்கிக்குச் சொல்லுங்கள்.