மீனுக்குத் தடுப்பு மருந்து: தீவனத்தில் கலந்தால் போதுமா?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



குளத்தைக் குத்தகைக்கு எடுத்து கட்லா, ரோகு வளர்க்கிற குழுக்கள் நம்மிடம் உண்டு. மீன் செத்து மிதந்தா முதல்ல கலங்குறது கடன் வாங்கின குழுதான். அந்த நேரம் பார்த்து ஒருவர் வந்து, "இந்தப் பொடியைத் தீவனத்தில் கலந்து போடுங்கம்மா, தடுப்பு மருந்து" என்பார். அது மீனுக்குள்ளே போய் என்ன செய்யும் என்று இன்றைக்குப் பார்ப்போம்.

மீனுக்கும் நம்மைப் போல நோய் எதிர்ப்பு சக்தி உண்டு. கையில் வழவழவென்று ஒட்டுகிறதே, அந்தக் கோழைதான் முதல் வேலி. வலையில் உரசி அது உரிஞ்சு போச்சுன்னா கிருமிக்கு வழி திறந்தாச்சு. உள்ளே, நமக்கு எலும்பு மஜ்ஜை செய்கிற வேலையை மீனுக்குத் தலைப்பக்கத்துச் சிறுநீரகம் செய்கிறது. செவுளிலும் குடலிலும் காவல் அணுக்கள் உண்டு. ஒருமுறை பார்த்த கிருமியை அவை நினைவில் வைத்துக்கொள்ளும். தண்ணீர் குளிர்ந்தால் மட்டும் இந்த வேலை மெதுவாகிவிடும்.

அந்த நினைவை முன்கூட்டியே உண்டாக்கத்தான் தடுப்பு மருந்து. நார்வே நாட்டில் 1987-ல் மீன் பண்ணைகளுக்கு ஏறக்குறைய 50 டன் ஆன்டிபயாடிக் செலவானது. 1990-களில் எண்ணெய் கலந்த தடுப்பூசி வந்ததும் அது ஒரு டன் அளவுக்கு இறங்கியது. ஆனால் அந்த எண்ணெய் சால்மன் மீனின் வயிற்றில் நெடுநாள் தங்கியது. உடம்பு அதை விடாமல் எதிர்த்ததில் உள்ளுறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

அதனால்தான் உடம்பிலேயே கரைந்து போகிற உறையைத் தேடினார்கள். ஆபரேஷனில் பிரிக்கத் தேவையில்லாத தையல் நூல் போடுகிறார்களே, அந்த மாதிரிப் பொருள் ஒன்று. கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் இன்னொன்று. நாம் ஆய்ந்து தூக்கி எறிகிற இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் மற்றொன்று.

மருந்தைச் சும்மா தீவனத்தில் கலந்தால் செரித்துப் போய்விடும். கட்லா, ரோகுக்கு இரைப்பையே கிடையாது. ஆனாலும் குடலின் முன்பகுதியில் சுரக்கிற நீர் மருந்தைச் சிதைத்துவிடும். பின்பகுதிக் குடல்தான் துகளை உள்ளே இழுத்துக் காவல் அணுக்களிடம் சேர்க்கும். அதுவரைக்கும் கட்டுச்சோறு மாதிரி பொதிந்து கொண்டுபோவது உறையின் வேலை. காவல் அணு அந்தத் துகளை விழுங்கும். உறை கரையக் கரைய மருந்து கொஞ்சங் கொஞ்சமாக வெளிவரும். கைட்டோசான் தன் பங்குக்கும் காவல் அணுக்களைத் தட்டி எழுப்பும்.

ராணிப்பேட்டை மாவட்டம் மேல்விஷாரத்தில் உள்ள சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் கொடுவா மீனில் இதைச் சோதித்து 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். விப்ரியோ கிருமிக்கு எதிரான மருந்தைக் கைட்டோசானில் பொதிந்து வாய்வழியே கொடுத்தார்கள். கிடைத்தது 46 சதவீதப் பாதுகாப்பு. அதாவது, மருந்து சாப்பிடாத மீன்களில் 100 செத்தால், சாப்பிட்ட மீன்களில் 54 சாகும். சாவு நிற்கவில்லை, குறைந்தது. எங்களுக்கு இது நல்ல சேதியாகத்தான் படுகிறது.

அப்போ தினமும் போட்டா இன்னும் நல்லதுதானே என்று கேட்கலாம். அப்படி இல்லை. ஒரே பொருளைத் திரும்பத் திரும்பத் தின்றால் குடல் அதையும் சோறாக நினைத்து எதிர்க்காமல் விட்டுவிடக் கூடும். ரொம்பச் சின்னக் குஞ்சுகளுக்கோ எதிர்ப்பு சக்தியே இன்னும் முதிர்ந்திருக்காது.

முக்கியமாக ஒன்று. தடுப்பு மருந்து பலன் தர வாரக்கணக்கில் நாள் பிடிக்கும். மீன் சாகத் தொடங்கிய அன்றைக்கு அதைப் போட்டுப் பயனில்லை. அன்றைக்கு விற்க வருகிற பொடியில் பெரும்பாலும் ஆன்டிபயாடிக்தான் இருக்கும் என்று சந்தேகப்படுங்கள். குளோராம்பெனிகால், நைட்ரோஃப்யூரான் வகை மருந்துகள் மீன் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை. பொட்டலத்தில் மருந்தின் பெயர் அச்சிடாவிட்டால் வாங்காதீர்கள். செத்து நாறிய மீனை விட்டுவிட்டு, உயிர் ஊசலாடுகிற மீன் இரண்டையும் ஒரு பாட்டில் குளத்துத் தண்ணீரையும் அன்றே மீன்வளத் துறை அலுவலகத்துக்கு எடுத்துப் போங்கள்.