பாட்டியின் பெயரையும் எழுதுங்கள்

(தோட்டங்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களை ஓட்டமாவடியில் சந்தித்தபோது ஆற்றிய உரை)



பூர்வீகம் எது என்று கேட்டால் நம் வீடுகளில் மூன்று பதில் வருகிறது. பிள்ளைகள் ஓட்டமாவடி, வாழைச்சேனை, புணானை என்கிறார்கள். அவர்களைப் பெற்றவர்கள் தோட்டத்தின் பெயரையும் டிவிஷனையும் சொல்கிறார்கள். கிழவிகள்தான் கடல் தாண்டிப் போய் திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம், சேலம் என்று ஒரு சீமையைச் சொல்கிறார்கள். மூன்றும் உண்மைதான். மூன்றையும் ஒரே தாளில் எழுதி வைத்திருக்கிற வீடு எத்தனை என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

இதைக் கேட்டதும் சிலர் முகம் சுருங்குவது தெரிகிறது. அதில் நியாயம் இருக்கிறது. "உன் அப்பன் எங்கே பிறந்தான்?" என்ற கேள்வியால்தான் நம்மை நாடற்றவர்களாக்கினார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இங்கே பிறந்தவனிடமும் தகப்பன் இங்கே பிறந்ததற்கு ஆதாரம் கேட்டது. அது இல்லையென்றால் தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததைக் காட்டச் சொன்னது. இந்த நாட்டில் எத்தனை மந்திரிமார் வீட்டில் பூட்டனின் பிறப்புப் பத்திரம் இருந்திருக்கும்? அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. லயத்தில் இருந்தவர்களிடம்தான் கேட்டார்கள்.

அடுத்து 1949இல் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்தது. மணமானவர் என்றால் 1946 ஜனவரிக்கு முன் ஏழு வருஷம், மணமாகாதவர் என்றால் பத்து வருஷம், இடைவிடாமல் இங்கே இருந்ததை நிரூபிக்க வேண்டும். இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் மனுப் போட வேண்டாம் என்றது. பிறகு காலக்கெடு நெருங்கும்போது போடச் சொன்னது. எட்டு லட்சம் பேருக்கு மேல் அந்த மனுக்களில் அடங்கியிருந்தார்கள். கடைசியில் பிரஜாவுரிமை கிடைத்தது ஒன்றரை லட்சத்துக்கும் குறைவானவர்களுக்கே.

1964 ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கூடையில் கொழுந்தை நிறுப்பது போல ஆளை நிறுத்தார்கள். அண்ணனுக்கு இந்தியப் பாஸ்போர்ட், தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்று ஒரே வீடு இரண்டானது. மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலுக்குச் சனங்களே "ஒப்பாரிக் கோச்சி" என்று பெயர் வைத்தார்கள். அங்கிருந்து ராமானுஜம் கப்பல். 1984இல் அந்தக் கப்பலும் நின்றது.

போனவர்கள் எங்கே போனார்கள்? சொந்தத்தைத் தேடுகிறவர்களுக்கு இதுதான் முதல் தகவல். எல்லாரும் பாட்டன் பிறந்த ஊருக்குத் திரும்பவில்லை. நீலகிரியில் கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் தமிழ்நாட்டு அரசின் தேயிலைத் தோட்டங்களுக்குப் பலர் போனார்கள். கேரளாவில் புனலூர், கர்நாடகாவில் சுள்ளியா ரப்பர் தோட்டங்களுக்கும் போனார்கள். ஆகவே திருச்சியில் விசாரித்து ஆள் கிடைக்கவில்லையென்றால் தேடலை விட்டுவிடாதீர்கள், கூடலூரிலும் கேளுங்கள். இங்கே "கள்ளத்தோணி" என்று பேச்சு வாங்கியவர்களை அங்கே "சிலோன்காரன்" என்று கூப்பிடுகிறார்கள். அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் வழி தெரியும்.

மண்டபம் முகாமையும் சொல்ல வேண்டும். தோட்டத்துக்கு வந்த நம் முன்னோர் நோய்ப் பரிசோதனைக்காக அங்கே தங்க வைக்கப்பட்டார்கள். ஒப்பந்தத்தில் திரும்பிப் போனவர்களும் அங்கேதான் இறங்கினார்கள். 1983க்குப் பிறகு அகதியாகத் தோணியேறியவர்களையும் அங்கேதான் கொண்டுபோய் வைத்தார்கள். அதில் மலையகத்துச் சனமும் உண்டு. ஒரே முகாமில் மூன்று தலைமுறை வரிசையில் நின்றிருக்கிறது.

தென்னாபிரிக்கா, மொரிசியஸ், பீஜிக்குப் போன தமிழர்கள் பூர்வீக ஊரைக் கண்டுபிடித்துவிடுகிறார்களே, நம்மால் ஏன் முடிவதில்லை என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் 342 பேரோடு நேட்டாலுக்குப் போனது. அதிலிருந்து 1911 வரை அங்கே போன ஒன்றரை லட்சம் பேருக்கும் ஆளுக்கு ஒரு இலக்கம் உண்டு. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், மாவட்டம் எல்லாம் கப்பல் பதிவில் எழுதினார்கள். அது அன்பினால் செய்த வேலை இல்லை. ஒப்பந்தக் கூலி ஓடிப்போனால் பிடிப்பதற்காகச் செய்தது. இன்றைக்குப் பேரப்பிள்ளைகளுக்கு அதுவே வழிகாட்டி. நம்மவர்கள் அப்படி ஆளுக்கு ஆள் ஒப்பந்தம் எழுதி வரவில்லை. கங்காணிக்குப் பின்னால், அவன் கொடுத்த முன்பணத்துக்குக் கடனாளியாக வந்தார்கள். தொடக்க காலத்தில் மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுப் பாதையில் நடந்தே வந்தார்கள்; வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கே இல்லை. பிற்காலத்தில் கழுத்தில் ஒரு தகரத் துண்டு தொங்கியது. அதில் தோட்டத்தின் குறியும் ஒரு இலக்கமும்தான் இருந்தன. ஆள் எந்தத் தோட்டத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று தகரம் சொன்னது. அவன் எந்த ஊரிலிருந்து வந்தான் என்று சொல்லவில்லை.

தோட்டத்துக் கந்தோரில் இருந்த புத்தகங்களின் கதையும் உங்களுக்குத் தெரியும். 1972, 1975இல் தோட்டங்களை அரசு எடுத்தது. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. கை மாறும்போதெல்லாம் பழைய செக்ரோல் கட்டுகளை எத்தனை பேர் பத்திரப்படுத்தியிருப்பார்கள்? இங்கே இருக்கிற குடும்பங்களுக்கு இன்னொரு இழப்பும் உண்டு. 1977இலும் 1983இலும் அடிபட்டு ஓடி வந்தபோது டிரங்குப் பெட்டியோடு கடதாசிகளும் எரிந்தன. அதற்குப் பிறகு இந்தப் பக்கம் நடந்த யுத்தத்தில் மிச்சமும் போனது.

இனி மிச்சமிருப்பது வாய்தான். அதிலும் பெண்களின் வாய். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

சட்டம் தகப்பன், பாட்டன், பூட்டன் என்றே கேட்டது. கங்காணி கணக்கும் அப்படித்தான். அதனால் நம் வீடுகளில் அப்பா வழிப் பெயர் இரண்டு மூன்று தலைமுறைக்குத் தெரிகிறது. அம்மாவின் அம்மா பெயரைக் கேட்டால் "அம்மாயி" என்பதோடு நின்றுவிடுகிறது. அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. மலையில் கொழுந்து எடுத்து இந்த நாட்டுக்குச் சோறு போட்டவள் அவள். நாம் வந்து குடியேறிய மட்டக்களப்பு மண்ணைப் பாருங்கள். இங்கே தமிழரும் முஸ்லிம்களும் குடியைத் தாய் வழியில் எண்ணுகிறார்கள். "நீ என்ன குடி?" என்று கேட்டால் தாயின் குடியைத்தான் சொல்வார்கள். தோட்டக்காட்டான் என்று நம்மை ஒதுக்கிய பேச்சும் இங்கே இருந்தது, மறக்கவில்லை. ஆனாலும் இந்த வழக்கத்தை நாம் கற்றுக்கொள்ளலாம். எந்தக் குலதெய்வத்துக்கு முடி இறக்கினார்கள், எந்த ஊர்ச் சந்தையைப் பற்றிப் பேசினார்கள், எந்த ஆற்றின் பெயரைச் சொல்லித் தாலாட்டினார்கள் என்பதெல்லாம் பாட்டிமாருக்குத்தான் தெரியும். ஊரின் பெயர் மறந்தாலும் குலதெய்வத்தின் பெயர் மறக்காது. அந்தக் கோயிலை விசாரித்தால் ஊர் கிடைக்க வாய்ப்பு உண்டு.

ஒரு எச்சரிக்கை. பூர்வீகம் தேடப் போய்ச் சாதியைத் தூக்கிக்கொண்டு திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். பெரட்டுக்களத்தில் எல்லாரும் ஒரே வரிசையில் நின்றோம். அந்தப் பழைய அழுக்கு மூட்டையைக் கப்பலேற்றிக் கொண்டுவர வேண்டாம்.

இன்னொரு பயம் தேவையில்லை. ஊர் இந்தியாவில் என்று எழுதினால் மறுபடி பிரச்சினை வருமா என்று ஒரு அம்மா கேட்டார். 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்கிற இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களுடைய சந்ததிக்கும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் பிரஜாவுரிமை தந்துவிட்டது. நாம் இந்த நாட்டுப் பிரஜைகள். தாராளமாக எழுதலாம்.

இதே ஓட்டமாவடியில் மஜ்மா நகர் இருக்கிறது. 2021 மார்ச்சிலிருந்து ஓராண்டு, கொரோனாவில் இறந்த 3,600க்கும் மேற்பட்டவர்களை நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் கொண்டுவந்து அங்கே அடக்கினார்கள். பெரும்பாலோர் முஸ்லிம்கள், இந்துக்களும் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் உண்டு. உறவுக்காரர்கள் இன்றும் தூரத்திலிருந்து வந்து தேடிப் பிடித்துக் கும்பிடுகிறார்கள், துஆ கேட்கிறார்கள். இடம் தெரிந்தால் வருவார்கள். மன்னார்ப் பாதையில் விழுந்த நம் பாட்டிக்கு அந்த அடையாளமும் இல்லை.

செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறோம். பழைய பிறப்புப் பத்திரம், பத்துச்சீட்டு, 1949 மனுப் பிரதி, இந்தியப் பாஸ்போர்ட், குடும்ப அட்டை, அக்கரையிலிருந்து வந்த கடிதத்தின் உறை, எதுவானாலும் எறியாதீர்கள். லேமினேட் செய்யவும் வேண்டாம். பழைய கடதாசி அதில் கெட்டுப்போகும். ஊர் கண்டுபிடித்துத் தருகிறோம் என்று காசு கேட்கிற புரோக்கர்களிடம் மூலப்பிரதியைக் கொடுக்காதீர்கள். தோட்டத்தின் தமிழ்ப் பெயரையும் இங்கிலிஷ் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்; இரண்டும் வேறாக இருப்பதால்தான் பாதித் தேடல் தடுக்கி நிற்கிறது. நம் ஆசிரியர்கள் கொப்பியோடு வீடு வீடாக வருவார்கள். முதலில் எழுபது வயதைத் தாண்டியவர்கள் இருக்கிற வீடு. பத்திரங்களைப் போனில் படம் பிடித்துவிட்டு அங்கேயே திருப்பித் தருவார்கள். பாட்டியைத் திண்ணையில் உட்கார வைத்து, தொலைக்காட்சியை நிறுத்தி வையுங்கள்.