செலவில்லாப் பரிசு

 

பிள்ளைகளின் நன்னடத்தைக்குப் பரிசளிக்கப் பணம் தேவையில்லை. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் நான்காம் வகுப்பொன்றில் நடந்து, 1969இல் வெளியான ஆய்வு இதற்குச் சான்று. அமளி மிகுந்த அவ்வகுப்பின் 24 மாணவரும் இரு அணிகளாகப் பிரிக்கப்பட்டனர். விதியை மீறினால் அவ்வணிக்குக் கரும்பலகையில் ஒரு கோடு. கோடு குறைந்த அணி மதிய உணவுக்கு முதலில் செல்லலாம். விரும்பிய பணிக்குச் சிறிது நேரமும் பெறலாம். இரு அணிகளும் வரம்புக்குள் நின்றால் இரண்டுக்கும் வெற்றி. அமளி வெகுவாகக் குறைந்தது.

சிந்தியுங்கள்! ஒருவருக்கே பரிசென்றால், குறும்புக்காரப் பிள்ளை முதல் நாளே நம்பிக்கை இழப்பான். அவனுக்கும் எட்டும்படி வரம்பை வைத்ததே இதன் சிறப்பு. நம் மதரஸாவிலும் உஸ்தாதுமார்கள் இதனைச் செய்து பார்க்கலாம். செலவு ஒரு சாக்பீஸ் துண்டே.