செயற்கைக்கோள் காட்டும் மீன்பிடி இடம்

படவேட்டு மலையடிவாரத்தில் இருந்துகொண்டு இன்று கடலைப் பற்றிப் பேசப்போகிறேன். கடலை என்றதும் மல்லாட்டை என்று நினைத்துவிடாதீங்க. மீனவர் போகும் கடலைத்தான் சொல்கிறேன்.

நம்ம நிலத்துக்கு சர்வே எண் உண்டு, கல் உண்டு. கடலில் கல் நட முடியுமா? கன்னியாகுமரிப் பக்கத்து மீனவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். கரையிலுள்ள மாதா கோயில் கோபுரமும் அதன் பின்னால் மலைமுகடும் ஒரே நேரில் தெரியவேண்டும். வேறு திசையில் இன்னொரு ஜோடி அடையாளம். இரண்டு கோடும் வெட்டுகிற இடத்துக்கு அடியில் மீன் தங்கும் பாறை இருக்கும்.

கரை மறைந்தால் இந்தக் கணக்கு உதவாது. அங்கே கைகொடுப்பது ஜி.பி.எஸ். கருவி. நாலு செயற்கைக்கோளின் சமிக்ஞை கிடைத்தால் போதும். அவை வந்துசேர எடுத்த நேரத்தைக் கணக்கிட்டு, நிற்கும் இடத்தைச் சில மீட்டர் வித்தியாசத்தில் சொல்லிவிடும். படகு போன தடமும் அதில் பதிவாகும். வேகமாகப் போனால் பயணம். மெதுவாக ஊர்ந்தால் அநேகமாக வலை இழுக்கிறார்கள். இப்படிப் பல படகு, பல மாதத் தடங்களைச் சேர்த்தால், யார் எங்கே எப்போது தொழில் செய்கிறார்கள் என்று வரைபடமே போட்டுவிடலாம்.

படம் எதற்கு என்பீர்கள். 2024-ல் கன்னியாகுமரிக் கடலில் எண்ணெய், எரிவாயு தேட மூன்று பகுதிகளை மத்திய அரசு ஏலத்துக்கு அறிவித்தது. மீனவர்கள் எதிர்த்தார்கள். "இங்கேதான் எங்கள் பிழைப்பு" என்று வாயால் சொல்வது வேறு, படத்தை விரித்துக் காட்டுவது வேறு. பட்டா இல்லாதவன் படும் பாடு உங்களுக்குத் தெரியாததா!

உயிர் காக்கவும் இது வேண்டும். 2017 ஒக்கி புயலில் ஆழ்கடலுக்குப் போன பலருக்கு எச்சரிக்கை எட்டவில்லை. திரும்பாதவர்கள் எத்தனையோ பேர். ஒரு லட்சம் படகுகளில் கருவி பொருத்த, ரூ.364 கோடியில் ஒரு திட்டம் 2024 ஆகஸ்ட் 30-ல் தொடங்கப்பட்டது. ஆபத்தென்றால் படகிலிருந்து செய்தி அனுப்பலாம். புயல் செய்தியும் படகுக்கு வரும்.

ஒரு சங்கடமும் உண்டு. பாறை இருக்குமிடம் அப்பன் மகனுக்குச் சொன்ன ரகசியம். அதைப் புள்ளி வைத்துக் காட்டினால் மறுநாளே ஊரான் வலை அங்கே விழும். ஆகவே புள்ளியாக இல்லாமல், சில கிலோமீட்டர் அகலக் கட்டங்களாகப் போடுவதே நல்லது. படம் மீனவர் சங்கத்தின் கையில் இருக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

உங்கள் செல்போனிலும் இதே வசதி இருக்கிறது. கிணறு, போர் இருக்குமிடத்தைக் குறித்து வையுங்கள். ஆனால் சில மீட்டர் பிசகும். அதை நம்பி வரப்பை நகர்த்திவிடாதீங்க, அதுக்கு சர்வேயர்தான் வரணும்.